வட்டத்துக்குள் பெருக்கல் குறி

ஜூன் 4

தம்பிக்கு,

மேலே "அன்புள்ள" என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

பதினோரு தடவை போன் செய்திருக்கிறாய். எடுக்க மாட்டேன். பேசினால் நாளைக்கு "நான் எப்போ அப்படிச் சொன்னேன்" என்பாய். இருபத்துநாலு வருஷம் தரச்சோதனை மேஜையில் உட்கார்ந்தவள் நான், எனக்கு எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

குழந்தைகள் விடுதிக்கு அறுபது இரட்டை அடுக்குக் கட்டில். மேல் கட்டிலின் நீளச் சட்டத்தில் போல்ட்டு ஓட்டை நுனியிலிருந்து நாற்பது மில்லி தள்ளி இருக்க வேண்டும். மரம் குட்டையாக வந்துவிட்டது என்று பதினைந்தில் போட்டீர்கள். நுனிக்கு அவ்வளவு பக்கத்தில் துளைத்தால் மரம் ரேகை வழியே பிளக்கும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஆகாத சரக்கில் அடிக்கும் இரும்பை, தள்ளுபடி முத்திரையை, சட்டத்தின் மேல் வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

மேனேஜர் பிடித்திருந்தால் உதறியிருப்பேன். நீ பிடித்ததால் கை மரத்துப்போய் நின்றேன். அப்போது நீ சொன்னதைத் தொழிற்சாலையே கேட்டது. "குத்தம் சொல்ல மட்டும்தான் உனக்குத் தெரியும். உன் கையால ஒரு சாமான் செஞ்சு காட்டு, அப்புறம் பேசு." அதற்குப் பிறகு மேனேஜர், "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்மா" என்றார். இருபத்தைந்து வருஷம் முடிய பதினோரு வாரம் பாக்கி.

இருபத்தைந்து வருஷம் முடித்தால் ஒரு மேஜைக் கடிகாரம் தருவார்களே, பளபளவென்று, அடியில் பெயர் போட்டு. எனக்கு அது கிடையாது என்று ஆகிவிட்டது. சரி, நானே செய்துகொள்கிறேன். ஒரு சாமான் செய்து காட்டச் சொன்னாய் அல்லவா, அதுவும் ஆயிற்று. கடிகாரம் முடிந்ததும் பேசுவேன். அதுவரை கட்டில்கள் கிடங்கை விட்டுக் கிளம்பக் கூடாது.

உன் அக்கா
(இதை அடிக்க முடியவில்லை.)


ஜூன் 12

அக்கா,

எனக்கு உன்னை மாதிரி கோர்வையாக எழுத வராது. உளி பிடிக்கிற கை. இருந்தாலும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டாய். நான் உன் கையைப் பிடித்தபோது என் பின்னால் என் பிரிவு ஆட்கள் இருபது பேர் நின்றார்கள். ஒரு மாத வேலை. அந்தக் குறியை நீ அடித்திருந்தால் அறுபது கட்டிலும் கொதிகலனுக்கு விறகு. வட்டத்துக்குள் பெருக்கல் குறி விழுந்த மரம் கேட்டைத் தாண்டாது என்பது பழைய முதலாளி போட்ட சட்டம். வாட்ச்மேன் மீசைக்காரர் மேனேஜர் காரையே நிறுத்தி டிக்கியிலிருந்து குறி விழுந்த ஒரு பலகையை இறக்கினவர். எல்லாம் தெரிந்துதான் ஓங்கினாய்.

மேனேஜர் இறங்கி வந்திருக்கிறார். நீ ஒரு வருத்தக் கடிதம் எழுதிக் கொடு. நாலு வரி போதும். பதினோரு வாரத்தை வேலை செய்ததாகவே கணக்கில் வைத்து, மேடையில் கூப்பிட்டு, கடிகாரம் தருவார்கள். இன்னொன்று. தேர்ச்சி முத்திரையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாய். தள்ளுபடி முத்திரையைக் காணவில்லை. ஸ்டோர்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். உன் பையில்தான் இருக்கும். அனுப்பிவிடு.

கடிகாரமா? நீயா? காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே என்னைத்தானே கூப்பிடுவாய். இதைப் படித்ததும் சாப்பாட்டு மேஜையில் சிரித்தேன். என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. "அவங்க சொன்னா செய்வாங்க" என்றாள். அவள் எப்போதும் உன் பக்கம்தான்.

கட்டில்கள் ஆகஸ்ட் 25 அன்று கிளம்புகின்றன. அனுப்பும் தாளில் கையெழுத்து போடவேண்டியது நான். போடுவேன். கம்பெனி வீட்டில் இருக்கிறேன் அக்கா. மகளுக்குப் படிப்பில் கடைசி வருஷம். உன்னை மாதிரி ஒரு பையோடு கிளம்ப என்னால் முடியாது.

மரம் வாங்கினால் முடிச்சு இல்லாததாகப் பார். கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார். இது அறிவுரை இல்லை. காசை வீணாக்காதே என்று சொல்கிறேன்.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

வருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "வருந்துகிறேன்" என்பது வரை வந்தது. எதற்கு என்று யோசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தில் கடிகாரத்துக்குப் படம் போட்டேன்.

நான் இப்போது வாடகைக்கு இருக்கும் அறை மாடியில். கீழே சவப்பெட்டி செய்கிற பட்டறை. முகம் சுளிக்காதே, நல்ல காற்றோட்டமான இடம், காலையிலிருந்து மரவாசனை. பெட்டிக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார், சொன்னேன். "இத்தனை வருஷத்துல என் சரக்கை ஒருத்தரும் திருப்பி அனுப்பினதில்லைங்க" என்றார். அவர் ஒன்றும் சொல்லித்தருவதில்லை. மூலையில் ஒரு மேஜையைக் காட்டினார், கழிவு மரத்தைக் காட்டினார், தன் வேலையைப் பார்க்கப் போனார்.

படம் இதுதான். ஒரு சாண் சதுரத்தில் முகப்புப் பலகை. அது நிற்க ஓர் அடிப்பலகை. முகப்புக்குப் பின்னால் மின்கலத்தில் ஓடும் சின்ன மிஷின், அதை மூட ஒரு பின்பலகை. அவ்வளவுதான். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். இன்று ஒன்பதாவது நாள். இன்னும் சதுரம் சதுரமாகவில்லை.

கோடு போட்டேன், கோட்டின் மேலேயே அறுத்தேன். ரம்பத்துக்கும் ஓர் அகலம் உண்டு, அது மரத்தைத் தின்னும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பக்கம் இரண்டு மில்லி குறைந்தது. அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கத்தை இழைத்தேன், அது மூன்று குறைந்தது. மூலைமட்டத்தை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. அந்த வெளிச்சத்தை எத்தனை பேர் வேலையில் பார்த்திருப்பேன், எத்தனை பேரிடம் ஒரு வார்த்தை பேசாமல் குறி அடித்திருப்பேன். என் பலகையில் பார்த்தபோது காது சூடாகிவிட்டது.

சிரித்துக்கொள். விடப்போவதில்லை.

முத்திரை என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

கோட்டுக்கு வெளியே அறு. கோடு மரத்திலேயே நிற்க வேண்டும். பிறகு கோடு வரைக்கும் இழை. பொடிப்பசங்களுக்குத் தெரியும் இது. இழைப்புளியை நுனி வரை தள்ளினால் ஓரம் பிய்ந்துவிடும், இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு வா.

நீ கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

உன் நாற்காலியில் இப்போது மேனேஜரின் மச்சான். காலையில் வந்து தேர்ச்சி முத்திரையை எடுத்து டக் டக் என்று அடித்துவிட்டு, மத்தியானம் போய்விடுகிறார். அவரிடம் இருப்பது அந்த ஒன்றுதானே. "என்ன சார், எதுவுமே தள்ளலையா?" என்று கேட்டேன். "தள்ளறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

இதனால் நீ செய்தது சரி என்று ஆகாது. உன்னைப் "பெருக்கல் அக்கா" என்று கூப்பிட்டவர்கள் பயந்து கூப்பிட்டார்கள், பிரியத்தில் இல்லை. நீ வரும்போது பேச்சு நின்றுவிடும். அந்தப் பெருக்கல் அக்காவின் தம்பியாக இருபது வருஷத்துக்கு மேல் அங்கே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தது நான்.

சவப்பெட்டிக் கடையில் கடிகாரம் செய்கிறாய் என்று மகளிடம் சொன்னேன். "அத்தை கலக்கறாங்க" என்கிறாள். இந்த வீட்டில் எனக்கு ஆளே இல்லை.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். அதற்கு முன் கதையைக் கேள்.

சதுரம் வந்துவிட்டது. நீ சொன்னபடி கோட்டை விட்டுவைத்து அறுத்தேன். நன்றி என்று எழுதமாட்டேன், வந்துவிட்டது என்று மட்டும் எழுதுகிறேன். நடுவில் துளை போட்டு மிஷினைப் பின்னாலிருந்து நுழைத்தேன். அதன் தண்டு முன்பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. பலகை இருபத்திரண்டு மில்லி. தண்டு பத்துக்கு மேல் வராது. வாங்கும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் போதும். அடுத்தவர் வேலையில் அளவெடுப்பதே பிழைப்பாக இருந்தவள் தன் வேலையில் அளவெடுக்கவில்லை.

பின்பக்கம் உளியால் பள்ளம் தோண்டினேன். இடது ஓரம் கோணியது, அதை நேராக்கினேன். வலது ஓரம் கோணியது. இப்படியே தோண்டித் தோண்டி, மிஷின் உட்கார்ந்த பிறகும் பக்கத்தில் இரண்டு விரல் அகலம் காலி. பெட்டிக்காரர் எட்டிப் பார்த்து, "இதுல இன்னொருத்தரையும் வைக்கலாம் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறுத்துக்கொண்டேன். அடுத்தது அடிப்பலகை. திருகுக்கு ஓட்டை போட்டேன், இடம் தப்பிவிட்டது. தள்ளிப் போட வேண்டும், தள்ளினால் நுனிக்குப் பத்து மில்லிதான் இருக்கும். அந்த நிறத்தில் வேறு மரமும் இல்லை. அப்போது என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "சின்னதுதானே, இந்த ஒரு தடவை பரவாயில்லை." சத்தமாகவே சொன்னேன். கட்டில் விஷயத்தில் மேனேஜர் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. அதை என் வாயில் கேட்டும் நான் நிறுத்தவில்லை. துளைத்தேன், திருகை முடுக்கினேன்.

கடைசி முறுக்கில் ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. சொடக்கு எடுத்த மாதிரி. பலகை நுனியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வாய் பிளந்துவிட்டது.

பெட்டிக்காரரிடம் காட்டினேன். "நானும் ஓரத்துலதாங்க போடுவேன். என் சரக்குல ஏறி யாரும் புரள மாட்டாங்க" என்றார்.

அந்தத் துண்டைத்தான் அனுப்பியிருக்கிறேன். பத்து மில்லி, ஒரு சின்னத் திருகு, என் கை பலம். இதற்கே இந்தப் பிளவு. நீங்கள் போட்டது பதினைந்து மில்லி, மேலே ஒரு பிள்ளை. குற்றம் சொல்ல மட்டும் தெரிந்தவளாக இதை அனுப்பவில்லை. செய்து கெடுத்தவளாக அனுப்புகிறேன்.

அக்கா


ஜூலை 19

அக்கா,

உன் துண்டைக் குப்பையில் போட்டேன். என் வீட்டுக்காரி எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

கடிகாரப் பலகை வேறு, கட்டில் சட்டம் வேறு. எங்கள் மரம் கெட்டி. போல்ட்டுக்கு வட்டத் தகடு போட்டிருக்கிறோம். பசையும் இருக்கிறது. ஒரு மாசம் மரம் தொட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுக்காதே.

ஒன்று கேட்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயதில் நான் செய்த முதல் முக்காலி ஞாபகம் இருக்கிறதா? நீ அந்த மேஜைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எட்டு நாள் உழைத்தேன். வரிசையில் பதினாலு முக்காலி நின்றது. பதிமூன்றுக்குத் தேர்ச்சி. என் முக்காலியைத் தூக்கினாய், ஒரு காலைத் தடவினாய், உட்காரும் பலகையின் நடுவில் பெருக்கல் குறி அடித்தாய். அடியில் அடித்திருக்கலாம். மேலே அடித்தாய். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொதிகலனில் போட்டேன். வழியெல்லாம் ஆட்கள்.

ஒரு கால் மற்றவற்றைவிட அரை மில்லி குட்டை. வீட்டில் வந்து நீ எனக்குச் சாப்பாடு போட்டாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து அந்த முத்திரை கண்ணில் பட்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கட்டிலில் நீ அதை ஓங்கியபோது நான் பிடித்தது உன் கையை இல்லை, அந்த இரும்பை.

எழுதாதே. கடிகாரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.


ஜூலை 28

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். எழுதாதே என்று சொல்ல ஓர் ஆள் ஒரு முழுத் தாளைச் செலவழித்தால், அதற்குப் பதில் எதிர்பார்க்கிறான் என்றுதான் அர்த்தம்.

முக்காலி ஞாபகம் இருக்கிறது. அரை மில்லிகூட இல்லை, அதற்கும் குறைவு. வேறு யாராவது செய்திருந்தால் விட்டிருப்பேன். அந்த வரிசையிலேயே இன்னொன்று அப்படித்தான் இருந்தது, அதற்குத் தேர்ச்சி அடித்தேன். ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஒரு பெண், தம்பி சாமான் என்று விட்டுவிடுவாளா என்று பார்த்தார்கள். விடவில்லை என்று காட்ட உன் முக்காலியைக் கொளுத்தினேன். மேலே அடித்ததும் அதற்காகத்தான், எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று. உன் முகத்தைப் பார்த்திருந்தால் அடித்திருக்க மாட்டேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக இதைச் சொல்ல நினைத்து விழுங்கியிருக்கிறேன். அது தப்பு. என் மேஜையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். மன்னித்துக்கொள் என்று உன்னிடம் கேட்கிறேன். மேனேஜருக்கு வராத வரி உனக்கு எழுத வருகிறது, பார்.

ஆனால் இதை வைத்து அதைக் கழிக்காதே. முக்காலியில் நான் தப்பு என்பதால் கட்டிலில் நீ சரி ஆகிவிட மாட்டாய். முக்காலி கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். கட்டில் பிளந்தால் ஒரு பிள்ளை ஐந்தடி உயரத்திலிருந்து விழும். என் மேல் உள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள், அந்தப் பிள்ளைகள் மேல் ஏற்றாதே.

என்னை நம்ப வேண்டாம். உன் கையை நம்பு. கிடங்கில் ஒரு கட்டிலைப் பூட்டி, மேலே ஏறி நீயே படுத்துப் பார். ஒன்றும் ஆகவில்லை என்றால் எனக்கு எழுது. நான் அந்த வருத்தக் கடிதத்தை எழுதி, முத்திரையை மேனேஜர் கையில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

புது அடிப்பலகை அறுத்துவிட்டேன். நிறம் ஒட்டவில்லை, கொஞ்சம் வெளுப்பு. இருக்கட்டும். ஓட்டை நாற்பது மில்லி உள்ளே.

உன் அக்கா


ஆகஸ்ட் 8

அக்கா,

போன வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்குப் போனேன். ஒரு கட்டிலைப் பூட்டினேன். ஏணியில் ஏறினேன். நான் எண்பது கிலோ, பிள்ளைகள் அதில் பாதிகூட இருக்காது, அதனால் இந்தச் சோதனையே நியாயம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. படுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. உனக்கு எழுதப்போகும் கடிதத்தின் முதல் வரியைக்கூட யோசித்துவிட்டேன்.

பிறகு மகள் சின்ன வயதில் தூக்கத்தில் எப்படிப் புரளுவாள் என்று ஞாபகம் வந்தது. அந்த மாதிரி புரண்டேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஆறாவது புரளலில் நீ சொன்ன சத்தம் வந்தது. சொடக்கு மாதிரி. அப்படியே அசையாமல் கிடந்தேன், கீழே இறங்கப் பயமாக இருந்தது.

சட்டத்தில் நாலு விரல் நீளத்துக்குப் பிளவு.

மேனேஜரிடம் சொன்னேன். நம்பு, சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "மரத்தூளும் பசையும் குழைச்சு அடைச்சு, மேல பாலிஷ் போட்டுடுங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?" என்றார். அடைத்தேன், அக்கா. பாலிஷும் போட்டேன். இப்போது எந்தக் கட்டில் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு நல்ல வேலைக்காரன் நான்.

கையெழுத்து போடாவிட்டால் வேலை போகும். வேலை போனால் ஒரு வாரத்தில் வீடு காலி. அதுவும் வீண்தான், நான் போடாவிட்டால் மச்சான் போடுவான். கட்டில் எப்படியும் போகும். பிறகு நான் எதற்குத் தெருவுக்கு வர வேண்டும்? இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும். உன்னிடம்தான் எல்லாவற்றுக்கும் பதில் இருக்குமே.

முக்காலி பற்றி எழுதியதைப் படித்தேன். நாலைந்து தடவை படித்தேன்.

கடிகாரம் முடிந்ததா?

தம்பி


ஆகஸ்ட் 15

அன்புள்ள தம்பிக்கு,

கடிகாரம் முடிந்தது. உனக்கு அனுப்புகிறேன். வழக்கம்போல என் சோதனை அறிக்கை:

சதுரம் இரண்டு மூலையில் சரி, மற்ற இரண்டில் நூலிழை வெளிச்சம். அடிப்பலகை நிறம் வேறு. உப்புத்தாளை ஓர் இடத்தில் ரேகைக்குக் குறுக்கே தேய்த்துவிட்டேன், வெயிலில் பிடித்தால் கீறல் தெரியும். பன்னிரண்டு எண்ணுக்குப் பதில் வைத்த பித்தளை ஆணிகளில் ஏழாவது சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. பின்பள்ளம் தேவைக்குமேல் பெரிது. ஓடுகிறது. நேரம் சரி. தட்டினால் ஆடாது. அதை வேண்டுமென்றே நானூறு தடவையாவது தட்டிப் பார்த்திருப்பேன்.

என் மேஜையாக இருந்தால் இதற்குக் குறி விழுந்திருக்கும். என் கடிகாரமாக இருப்பதால் எனக்கு இது போதும். அவர்கள் மேடையில் தரும் பளபளப்புக்கு இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இனி உன் கேள்வி. நீ போடாவிட்டால் மச்சான் போடுவான் என்கிறாய். உண்மை. கையெழுத்து தாளில்தான் இருக்கும், தாளை மாற்றலாம். அடைத்த பிளவைப் பாலிஷ் மறைக்கும். ஆனால் ஒன்றை மட்டும் யாராலும் மறைக்க முடியாது. அது மரத்துக்குள் மூன்று மில்லி இறங்கும், இழைத்து எடுத்தால் சட்டம் மெலிந்து உபயோகத்துக்கு வராது. அது இருக்கிற மரத்தை மீசைக்காரர் வெளியே விட மாட்டார், முதலாளியே வந்து நின்றாலும்.

பின்பலகையின் நாலு திருகையும் கழற்று. பள்ளம் பெரிதாகிவிட்டது என்றேனே, அந்தக் காலி இடத்தை நான் அடைக்கவில்லை. முதல் கடிதத்திலேயே முத்திரையைக் கேட்டாய். திருப்பித் தருகிறேன். மேனேஜருக்கு இல்லை, உனக்கு.

என்ன செய் என்று சொல்ல மாட்டேன். வீடு உன்னுடையது, மகள் உன்னுடையவள், பயமும் உன்னுடையது. வேண்டாம் என்று தோன்றினால் நாலு திருகையும் மறுபடி முடுக்கிவிடு. கடிகாரம் அதுபாட்டுக்கு ஓடும், நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் இந்த முறை உன் கையைப் பிடிக்க யாராவது வந்தால், நீ என்னை மாதிரி மரத்துப்போய் நிற்காதே. உதறு.

உன் அக்கா


ஆகஸ்ட் 27

அக்கா,

கடிகாரம் வந்த அன்று அலமாரியில் வைத்துவிட்டேன். திறக்கவில்லை. ஐந்து நாள் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஆறாம் நாள் மகள் திருப்புளியைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மாவும் பெண்ணும் உன் கடிதத்தைப் படித்திருக்கிறார்கள். "வீடு கிடைக்கும்பா. பரீட்சையை எங்க உட்கார்ந்து வேணா எழுதுவேன்" என்றாள். பிறகு அவர்கள் இரண்டு பேரும் சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், நான் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லை.

24-ஆம் தேதி காலை ஏழு மணிக்குக் கிடங்குக்குப் போனேன். அறுபது கட்டில், கட்டிலுக்கு இரண்டு மேல் சட்டம், நூற்றிருபது குறி. முதல் குறி கோணலாக விழுந்தது. பத்தாவதுக்குமேல் நேராக விழுந்தது. முப்பதுக்கு என் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இருபது பேரும் வாசலில் நின்றார்கள். அவர்கள் ஒரு மாத வேலை அது. பழைய பாலிஷ்காரர் உள்ளே வந்தார். கையைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று சுத்தியலை இறுக்கினேன். அவர் அடுத்த சட்டத்தைத் தூக்கி எனக்கு வாகாகப் பிடித்தார்.

மேனேஜர் பத்து மணிக்கு வந்தார். "என்னய்யா பண்ணிவச்சிருக்கே?" என்றார். "தரச்சோதனை சார். உங்க மச்சான்கிட்ட இந்த முத்திரை இல்லை, அதான் நான் பண்ணிட்டேன்" என்றேன். மறுநாள் லாரி வந்தது. மச்சான் கையெழுத்து போட்டார். மீசைக்காரர் தார்ப்பாயைத் தூக்கி ஒரு சட்டத்தைத் தடவினார், இன்னொன்றைத் தடவினார், கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சரக்கை இறக்கிவிட்டு லாரி காலியாகத்தான் போனது. விடுதிக்காரர்கள் கேள்வி கேட்கிறார்களாம். மேனேஜர் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.

என்னை வரவேண்டாம் என்றாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு வாரம் தந்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஏழெட்டு மாசம்தான் இருந்தது அந்த மேடைக் கடிகாரத்துக்கு. போகட்டும். பெட்டிக்காரரிடம் இன்னொரு மேஜை காலி இருக்கிறதா என்று கேட்டு வை. கட்டில் செய்யலாம் என்று பார்க்கிறேன், நாற்பது மில்லியில்.

உன் கடிகாரத்தைச் சோதித்தேன். நீ எழுதிய ஐந்து குறையும் சரி. ஆறாவது ஒன்று உண்டு, நீ பார்க்கவில்லை. அடிப்பலகையின் இடது ஓரம் வலதைவிட அரை மில்லி குட்டை. அதனால் கவிழ்த்துப் போட்டு, அடியில், மேலே இல்லை அக்கா, அடியில், உன் முத்திரையை வைத்து ஒரு குறி அடித்தேன். முக்காலிக்கு அது சரியாகப் போய்விட்டது.

என் கருவிப் பெட்டியைக் காலி செய்யக் கடைசி நாள் போனபோது கடிகாரத்தைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன், ஆட்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். திரும்பும்போது கேட்டில் மீசைக்காரர் நிறுத்தினார். கடிகாரத்தை வாங்கினார். கவிழ்த்தார். வட்டத்தைப் பார்த்தார், உள்ளே பெருக்கலைப் பார்த்தார். "யார் செஞ்சது?" என்றார்.

"எங்க அக்கா."

நிமிர்த்தி, தன் கைக்கடிகாரத்தோடு நேரத்தை ஒத்துப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, பக்கத்துச் சின்னக் கதவை இல்லை, லாரி போகிற பெரிய கேட்டைத் திறந்துவிட்டார்.

அன்புள்ள
தம்பி